கூடிக் கற்றல்: ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

வகுப்பறையில் மாணவர்களைக் குழுக்களாகக் கற்க வைப்பது பற்றிச் சென்ற இதழில் கேள்விகளை வரவேற்றிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையை வெவ்வேறு சொற்களில் தெரிவித்தன: குழு அமைத்தாயிற்று, கூச்சல் வந்தது, கற்றல் வரவில்லை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, ஏழு கேள்விகளாக்கி இங்கே பதில் தருகிறேன்.

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 48 மாணவர்கள். பயிற்சியில் சொன்னபடி ஆறு ஆறு பேராகப் பிரித்தேன். பெஞ்சுகளை நகர்த்தி இடம் மாறுவதற்கே பாடவேளையில் கால் பங்கு போய்விட்டது. எங்கிருந்து தொடங்குவது?
*– அறிவியல் ஆசிரியை, அரியலூர் மாவட்டம்*

இருவரிலிருந்து தொடங்குங்கள். ஆறு பேர் கொண்ட குழு, 30 பேர் நாற்காலிகளில் அமரும் பயிற்சி அரங்குக்கு ஏற்றது; நீள பெஞ்சுகள் நெருக்கியடித்திருக்கும் நம் வகுப்பறைக்கு அது கடைசிப் படியாகவே இருக்க முடியும். பெஞ்சில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரே இணை என்றால் யாரும் எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் 1981இல் வகுத்த எளிய முறை ஒன்று உண்டு: கேள்வியைக் கேட்டதும் முதலில் ஒவ்வொருவரும் தனியே சிந்திக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டும், அதன் பின்னரே வகுப்புக்குச் சொல்ல வேண்டும். இதில் முதற்படியைத்தான் நாம் அவசரத்தில் விழுங்கிவிடுகிறோம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்பதையும் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே காட்டியிருக்கிறார். மூன்று விநாடி மௌனம் வகுப்பில் நிற்பவருக்கு மிக நீண்டதாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிக்கொண்டு பொறுத்திருங்கள்.

உங்கள் பாடத்துக்கு இன்னும் பொருத்தமானது, ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் கையாண்டுவரும் முறை. சூத்திரக் கணக்குகளைச் சரளமாகப் போட்ட தம் மாணவர்கள், அதே கருத்தைச் சாதாரணச் சொற்களில் கேட்டபோது தடுமாறியதைக் கண்ட பிறகுதான் அவர் தம் விரிவுரையை இடையிடையே நிறுத்தி மாணவர்களைத் தங்களுக்குள் வாதிட விட்டார். உங்கள் வகுப்பில் இதை இப்படிச் செய்யலாம். "மேல்நோக்கி எறியப்பட்ட பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது; அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன?" என்று கேட்டு, (1) சுழி, (2) கீழ்நோக்கி 9.8 மீ/வி², (3) மேல்நோக்கி 9.8 மீ/வி² என மூன்று விடைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு நிமிடம் தனியே யோசித்த பிறகு, எல்லோரும் ஒரே நேரத்தில் விடை எண்ணை விரல்களால் நெஞ்சோடு ஒட்டிக் காட்டட்டும். அடுத்தவர் விரலைப் பார்த்து மாற்றிக்கொள்ள முடியாது. சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காடு வரை வந்திருந்தால் விடையைச் சொல்லாமல், வேறு விடை காட்டியவரைத் தேடி வாதிடச் சொல்லுங்கள். அதற்குக் குறைவாக வந்தால் பாடத்தை மீண்டும் நடத்த வேண்டும். கூடுதலாக வந்தால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம்.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் "சுழி" என்பதே முதல் விடையாக வரும். நிற்கிற பொருளுக்கு ஏது முடுக்கம் என்று ஒருவன் கேட்பான்; முடுக்கமே இல்லையென்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்குமே என்று பக்கத்திலிருப்பவள் மடக்குவாள். நான் ஒரு பாடவேளை முழுக்க விளக்கினாலும் இந்த ஒரு வாக்கியம் செய்யும் வேலையைச் செய்ய முடிந்ததில்லை, ஏனென்றால் சற்று முன்புதான் புரிந்துகொண்ட பிள்ளைக்குத் தான் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது நினைவிருக்கிறது, நமக்கோ அது எப்போதோ மறந்துவிட்டது. பாடவேளைக்கு இப்படி ஒரு கேள்வி போதும். ஒரு மாதம் பழகிய பிறகு, முன் பெஞ்சில் இருப்பவர்களைப் பின்பக்கம் திரும்பி அமரச் சொன்னால் நால்வர் குழு தானாகக் கிடைத்துவிடும்.

குழுச் செயல்பாடு என்றாலே எங்கள் பள்ளியில் சார்ட் தயாரிப்பதுதான். கையெழுத்து நன்றாக இருக்கும் பெண் எழுதுகிறாள்; ஒருவன் ஸ்கெட்ச் பேனா பிடித்திருக்கிறான்; மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. இது நியாயமா?
*– சமூக அறிவியல் ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்*

நியாயமில்லை, அதைவிட, அது கற்றலே இல்லை. தேர்வடத்தில் கை வைத்தவர்கள் எல்லாரும் தேரை இழுக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதை அளந்தே பார்த்தார். 1913இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து கயிறு இழுக்கும்போது தலைக்குக் கிடைக்கும் விசை, ஒருவர் தனியே இழுக்கும்போது தரும் விசையில் ஏறத்தாழப் பாதிதான். பெரியவர்களே இப்படியென்றால், 13 வயதுப் பிள்ளை வேடிக்கை பார்ப்பதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வதில் பொருளில்லை. ஒருவரே செய்து முடிக்கக்கூடிய வேலையை ஐவருக்குக் கொடுத்தோமே, அந்தப் பிழை நம்முடையது.

ஆகவே வேலையை மாற்றுங்கள். சோழர் கால ஊராட்சிப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று விரிவாகக் கூறுகின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஆகாது. இந்த விதிகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, குழுவில் ஒருவருக்கு ஒரு சீட்டாகக் கொடுங்கள். தம் சீட்டை வாயால் சொல்லலாம், கையால் காட்டக் கூடாது. பிறகு நீங்களே கற்பனையாக உருவாக்கிய ஆறு வேட்பாளர்களின் விவரங்களைக் குழுவின் நடுவில் வையுங்கள். 40 வயதில் அரை வேலி நிலமும் சொந்த வீடும் உள்ள ஒருவர் முதல் மூன்று விதிகளிலும் தேறிவிடுவார். நான்காம் சீட்டை வைத்திருக்கும் பையன் கவனிக்காமல் இருந்தால், சென்ற ஆண்டுவரை வாரியத்தில் இருந்தவர் மீண்டும் உள்ளே வந்துவிடுவார். அவன் வாய் திறந்தே ஆக வேண்டும். எழுத்து அழகாக இருப்பவளால் கூட இந்த வேலையைத் தனியே முடிக்க முடியாது. இறுதியில், இந்த விதிகளின்படி யாருடைய பெயர் எக்காலத்திலும் குடத்துக்குள் போயிருக்கவே முடியாது என்று கேட்டுப் பாருங்கள். நிலமற்றவர்களைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் பிள்ளைகளே பேசத் தொடங்குவார்கள்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். குழு சேர்ந்து பேசலாம், எழுதுவது தனித்தனியே நடக்கட்டும்: "மூன்றாம் வேட்பாளர் ஏன் நீக்கப்பட்டார்?" என்று இரண்டு வரி, நோட்டைப் பார்க்காமல். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் ஸ்லாவின் இதற்கொரு நல்ல ஏற்பாடு செய்திருந்தார். மாணவர் வாங்கிய மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அவர் தம்முடைய முந்தைய சராசரியிலிருந்து எவ்வளவு முன்னேறினார் என்பதையே புள்ளிகளாக்கிக் குழுவின் கணக்கில் சேர்ப்பார்கள். அப்போது 35லிருந்து 48க்கு வந்தவன், 90லேயே நிற்பவளைவிடக் குழுவுக்கு அதிகம் சம்பாதித்துத் தருகிறான். அவனுக்குச் சொல்லித்தருவதில் மற்றவர்களுக்கும் அக்கறை வந்துவிடுகிறது. தேர்வுப் பதிவேட்டில் ஏறும் மதிப்பெண் அவரவருடையதாகவே இருக்கட்டும். குழுப் புள்ளிகளைப் பாராட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களை அவர்கள் விருப்பப்படி குழு சேரச் சொன்னால் தெரு வாரியாகப் பிரிந்துவிடுகிறார்கள். என்ன காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் கலந்து உட்கார வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?
*– தமிழாசிரியர் (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)*

மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. உங்கள் சிக்கலிலிருந்தே ஒரு முறை பிறந்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இனப் பிரிவினை நீக்கப்பட்டு, வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமரத் தொடங்கியபோது கைகலப்பு வரை போனது. 1971இல் அங்கே அழைக்கப்பட்ட உளவியலாளர் எலியட் ஆரன்சன், நல்லிணக்கம் பற்றிய அறிவுரை எதையும் பிள்ளைகளுக்கு வழங்கவில்லை. பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒரு துண்டை ஒரு பிள்ளையிடம் மட்டும் கொடுத்தார். இதுவரை கேலி செய்யப்பட்ட பிள்ளையிடம் இருக்கும் துண்டு கிடைக்காமல் மற்றவர்களால் தேர்வு எழுத முடியாது என்ற நிலை வந்தபோது, கேலி பயனற்றதாகி, அவன் சொல்வதைக் கேட்கவும், அவன் திணறினால் கேள்வி கேட்டு உதவவும் அவர்கள் பழகினார்கள்.

தமிழ் வகுப்பில் இதற்கென்றே செய்துவைத்ததுபோல ஐந்திணைப் பாடம் இருக்கிறது. ஐவர் குழு, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஆளுக்கொரு திணை. முதலில் ஒரே திணையைப் பெற்றவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் எழுந்து வந்து ஓரிடத்தில் கூடி, அதன் நிலம், பொழுது, கருப்பொருள், உரிப்பொருள் ஆகியவற்றைப் படித்துத் தெளிய வேண்டும். பிறகு தம் குழுவுக்குத் திரும்பி மற்ற நால்வருக்கும் கற்பிக்க வேண்டும். 45 பேர் வகுப்பில் ஒரு திணைக்கு ஒன்பது பேர் சேர்வார்கள், அது சந்தையாகிவிடும். நான்கும் ஐந்துமாக இரண்டாகப் பிரித்துவிடுங்கள். எளிய பாடம் என்று இந்தக் கூட்டத்தைத் தவிர்த்துவிட்டால், மெல்லக் கற்கும் பிள்ளை அரைகுறையாகப் புரிந்துகொண்டதையே நால்வருக்கும் சொல்லி அவமானப்படும். அந்த ஒரு தவறால் முறையே கெட்டுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில், மலையும் வேங்கை மரமும் வந்து, உணர்வோ பிரிவாக இருக்கும் ஒரு காட்சியை நீங்களே எழுதி, இது எந்தத் திணை என்று கேளுங்கள். குறிஞ்சிக்காரரும் பாலைக்காரரும் மோதிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடத்தில், உரிப்பொருளே திணையைத் தீர்மானிக்கிறது என்பதை நீங்கள் சொல்லாமலே கண்டுகொள்வார்கள்.

குழுவை யார் அமைப்பது என்பதில் இடம் கொடுக்காதீர்கள். வகுப்பின் முன்னால் சீட்டு எடுத்துப் பிரித்தால், ஆசிரியர் வேண்டுமென்றே சேர்த்தார் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. நான்கைந்து வாரம் ஒரே குழு நீடிக்கட்டும். முதல் வாரம் முகத்தைத் திருப்பத்தான் செய்வார்கள். "நண்பர்களாக இருங்கள்" என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் வேண்டாம். அந்தத் துண்டை வாங்காமல் பாடம் முடியாது என்ற ஏற்பாட்டில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஊரில் உள்ளதை ஒரு பாடவேளை மாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாளுக்கு 40 நிமிடம் வேறு விதமாக இருக்க முடியும் என்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிப்பவள். குழு என்ற பெயரில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலையை அவள் தலையில் கட்டிவிடுகிறார்கள். அவளுடைய நேரம் வீணாகிறதே?
*– தாய் ஒருவர், கோயம்புத்தூர்*

உங்கள் கவலையில் பாதி நியாயம். தினமும், எல்லாப் பாடத்திலும், அவள் மட்டுமே சொல்லித்தருபவளாகவும் மற்றவர்கள் கேட்பவர்களாகவும் இருந்தால் அது குழுக் கற்றலன்று, சம்பளமில்லாத வேலை. ஆசிரியரிடம் அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். மறு பாதிக்கு, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்திலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை மாணவன் எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் சேர்ந்து புலமை நிறைகிறது என்கிறார். விளக்கிச் சொல்ல முயலும்போதுதான் தனக்கே எங்கே தெளிவில்லை என்பது தெரியவருகிறது. விடையை மட்டும் காட்டிக் கொடுப்பதில் அந்தப் பயன் இல்லை. ஆகவே வீட்டுக்கு வந்ததும், "இன்றைக்கு யாருக்குச் சொல்லித்தந்தாய்?" என்பதற்குப் பதிலாக, "அவள் உன்னிடம் என்ன கேள்வி கேட்டாள், அதற்கு நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தடுமாறினால் உங்கள் மகளுக்கும் அந்தப் பாடவேளையில் ஏதோ கிடைத்திருக்கிறது.

குழுப் பணி நடக்கும்போது தலைமையாசிரியர் வந்து, "வகுப்பில் ஏன் இத்தனை சத்தம்?" என்கிறார். எப்படிச் சமாளிப்பது?
*– இடைநிலை ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்*

அவரை உள்ளே அழைத்து ஒரு குழுவின் பக்கத்தில் இரண்டு நிமிடம் உட்கார வையுங்கள். பேச்சு பாடத்தைப் பற்றியதாக இருந்தால் அவரே புரிந்துகொள்வார். இல்லையென்றால் அவர் கேட்டது சரியான கேள்விதான். ஒலியை அடக்க, நீங்கள் கையை உயர்த்தினால் பார்த்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கையை உயர்த்த வேண்டும் என்று பழக்குங்கள். மேசையைத் தட்டுவதும் கத்துவதும் சத்தத்தைக் கூட்டவே செய்யும்.

மலைக் கிராமத் தொடக்கப் பள்ளியில் நான் ஒருவன்தான் ஆசிரியர். ஐந்து வகுப்பும் ஓர் அறையில். இதெல்லாம் பெரிய பள்ளிகளுக்குத்தானே?
*– தருமபுரி மாவட்ட வாசகர்*

உண்மையில் உங்கள் பள்ளிதான் இதற்கு மூத்த இடம். மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியின் சிறு கிராமப் பள்ளிகளில், பல வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறையில் அட்டைகளைக் கொண்டு தாமாகவும் ஒருவருக்கொருவர் துணையாகவும் கற்ற முறையே, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலாகத் தொடங்கி, 2007–08 அளவில் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படியும் அட்டைகளும் பாயில் வட்டமாக அமர்ந்த குழுக்களும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அதில் "சக மாணவர் துணையுடன்" என்ற குழுவே உயிர்நாடி. நான் பார்த்த சில வகுப்புகளில் அந்தக் குழுவில் பிள்ளைகள் அருகருகே அமர்ந்து, அவரவர் அட்டையை மௌனமாக முடித்துக்கொண்டிருந்தார்கள். அருகருகே இருப்பதும் சேர்ந்து கற்பதும் வேறு.

இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலையை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக இது "சென்னை முறை" என்ற பெயரில் பிரிட்டனில் பரவியது. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையும் இதே வேலையைச் செய்தவர்தான். ஆனால் சட்டாம்பிள்ளை ஒப்பிப்பதை வாங்குபவர். பிரம்பும் அவர் கையில் இருந்தது. உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அப்படி ஆக்கிவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுமி இரண்டாம் வகுப்புச் சிறுவனுக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டட்டும். அவன் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல அவள் எழுதட்டும். பிறகு இருவரும் சேர்ந்து எழுதியதைப் படிக்கட்டும். அவளுக்கு எழுத்துப் பயிற்சி, அவனுக்கு வாசிப்பு, உங்களுக்கு மூன்றாம் நான்காம் வகுப்பைக் கவனிக்க 20 நிமிடம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் சமயத்தில் குழு, விவாதம் என்று நேரம் செலவிட முடியுமா?
*– கணித ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்*

புதிய முறை எதையும் அப்போது தொடங்க வேண்டாம். ஆனால் திருப்புதல் தேர்வுகளை வைத்து ஒன்று செய்யலாம். எல்லா விடைத்தாள்களையும் நீங்களே திருத்துவதற்குப் பதிலாக, ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றை மட்டும் எடுத்து, படிநிலை மதிப்பெண்ணோடு கூடிய விடைக்குறிப்பை இணைக்கு ஒன்றாகக் கொடுங்கள். பெயரை மறைத்த ஒரு விடைத்தாளை இருவரும் சேர்ந்து திருத்தி, எந்தப் படியில் எத்தனை மதிப்பெண் குறைகிறது என்று காரணத்துடன் எழுத வேண்டும். சூத்திரத்தை எழுதாமல் நேரே எண்களைப் போட்டு மதிப்பெண் இழப்பதும், அலகை விட்டுவிடுவதும் அடுத்தவர் தாளில் பளிச்சென்று தெரியும். 15 நிமிடத்துக்கு மேல் ஆகாது. வாரத்துக்கு இருமுறை செய்தால் போதும். திருத்தி முடித்ததும் அதே வகைக் கணக்கு ஒன்றை ஒவ்வொருவரும் தனியே போட்டுக் காட்டிவிட்டுத்தான் பையைக் கட்ட வேண்டும்.